கையை விட்டு விழாத சாவி

அத்தியாயம் ஒன்பது

"கதவைச் சாத்திட்டீங்களா என்ன?" என்று கேட்டான் ரேடியோ. குரலில் எப்போதும் இருக்கும் நக்கல் பாதிதான் இருந்தது.

சாத்தியாகிவிட்டது. இழுத்து மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும், வெளியேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. சாம்பல் நிறச் சுவர், ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு ஸ்டூல், மேசைமேல் ஒரு ரெக்கார்டர். மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்று முனகிக்கொண்டே சுற்றியது. இப்படி ஒரு பெட்டிக்குள் ஆளை உட்காரவைத்து 'நிம்மதியா இருங்க' என்று சொல்ல ஒரு தனி தைரியம் வேண்டும் என்று ரேடியோ நினைத்தான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாயை மூடத் தெரியாதவனுக்குப் பழகியவர்கள் வைத்தது. அவனுடைய முதலாளியம்மாவுக்கும் அப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போய்த் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் என்பதால், போலீஸ்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். டீச்சர் இப்போது ஒரு ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பரீட்சை ஹாலைப் பார்ப்பதுபோல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே நின்றவர்தான் இந்த அறைக்குச் சொந்தக்காரர். ஹிப்னாடிசத்தால் சிகிச்சை தருகிற பெண்மணி. சிகரெட்டை விட முடியாதவர்கள், லிஃப்டில் ஏற பயப்படுகிறவர்கள், தூக்கம் வராதவர்கள் எல்லாம் அவரிடம் வருவார்கள். இன்றைக்கு அவருக்கே தூக்கம் போய்விட்டிருந்தது. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வருகிறார். வந்து, அவரைக் கைது செய்து, இந்த இடத்துக்கு சீல் வைக்கப் போகிறார்.

"என் பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரமும் அதேதான்" என்றார் சிகிச்சையாளர். "நேரா இங்கதான் வருவா. போலீஸ் ஜீப்புல என்னை ஏத்துறதை அவ பார்க்கணும்னு என் தலையில எழுதியிருக்கு போல."

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் டீச்சர். ஆறுதல் சொல்வதில் அவர் என்றைக்குமே பாஸ் மார்க் வாங்கியதில்லை. "இவனுக்கும் விளங்கற மாதிரி முதல்லேர்ந்து சொல்லுங்க."

விஷயம் இதுதான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற நகைக்கடை ஒன்று. கடைப் பெட்டகத்தைத் திறக்கும் நம்பர் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். கொக்கி சரிசெய்ய வந்த வைர நெக்லஸ் ஒன்று பெட்டகத்திலிருந்து காணாமல் போனது. அண்ணன் அப்போது வெளியூரில் இருந்தார். மிச்சம் இருந்தது தம்பி. கடையையும் வீட்டையும் போலீஸ் தலைகீழாகப் புரட்டியும் நெக்லஸ் கிடைக்கவில்லை. தம்பியின் சட்டைக் காலரில் போலீஸ் கை விழப்போன நேரத்தில் அண்ணனுக்குத் திடீரென்று ஞானோதயம். 'ஐயோ, சிகரெட்டை விடட்டும்னு நான்தானே இவனை அந்த ஹிப்னாடிசக்காரம்மாகிட்ட அனுப்பினேன்! மயக்கத்துல நம்பரைக் கறந்து, ஆள் வெச்சு எடுத்துட்டா!' என்று அவர் கத்த, தம்பியும் கப்பென்று அதைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், மயக்கத்தில் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், எதுவுமே ஞாபகமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

"மயக்கத்துல யாரும் அப்படி ரகசியத்தைக் கொட்ட மாட்டாங்க" என்றார் சிகிச்சையாளர். "பிடிக்காததை யாரையும் செய்ய வைக்கவும் முடியாது. இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். 'ஓஹோ, அப்ப ஒண்ணுமே நடக்காதா? ஊரை ஏமாத்துற தொழிலா?'ங்கிறார். இல்ல சார், இதுக்கு சக்தி உண்டுன்னு சொன்னா, 'அப்ப நீதான் திருடி'ங்கிறார். நான் எந்தப் பக்கம் போறது?"

"சுத்தமா நாலு பக்கமும் சுவர்" என்றான் ரேடியோ. "ஆனா மேடம், நானும் இன்ஸ்பெக்டர் கட்சிதான். மன்னிச்சுக்கோங்க. கண்ணை மூடு, கையைத் தூக்குன்னு சொன்னா ஒருத்தன் தூங்கிடுவானா? என்கிட்டல்லாம் இந்தப் பருப்பு வேகாது."

டீச்சர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. வகுப்பில் தூங்குகிறவனைக் கரும்பலகைக்குக் கூப்பிடும்போது வருமே, அந்த வெளிச்சம்.

"உட்காரு" என்றார்.

"எங்க?"

"நாற்காலியில. மேடம், இவன் உங்களை நம்பாதவன். வாய் வேற நீளம். அந்தத் தம்பிக்கு என்ன பண்ணீங்களோ, அதையே ஒண்ணு விடாம இவனுக்கும் பண்ணுங்க."

ரேடியோ உட்கார்ந்தான். கால் தானாக ஆடியது. சிகிச்சையாளர் முதலில் செய்தது அவன் எதிர்பார்க்காத காரியம். கதவுச் சாவியை எடுத்து அவன் வலது கையில் வைத்தார். கனமான பழைய சாவி.

"இந்தக் கதவுக்கு இது ஒண்ணுதான் சாவி" என்றார். "நம்பிக்கை இல்லாம வர்றவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும், நம்மளை இவ அடைச்சு வெச்சுட்டாளோன்னு. அதனால சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் ஏமாத்தறேன்னு தோணினா எழுந்து திறந்துட்டுப் போயிட்டே இருக்கலாம். கையை இப்படிப் பக்கவாட்டுல தொங்க விடுங்க."

தொங்கவிட்ட கைக்கு நேர் கீழே தரையில் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. வாழைப்பழத் தோல் போடுவதற்கோ என்னவோ என்று நினைத்துக்கொண்டான்.

"கண்ணை மூட வேண்டாம்" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. அடுத்த அறையில் யாரோ யாருக்கோ சொல்வதுபோல் சாவதானமாக வந்தது. "நான் சொல்றதை நம்பவும் வேண்டாம். நம்பாமலே கேளுங்க. சந்தேகத்தை நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோங்க, அந்தச் சாவியைப் பிடிச்சிருக்கிற மாதிரி. இமை கனமா இருக்கா இல்லையான்னு நீங்களே சோதிச்சுப் பாருங்க. கனமா இருந்தாலும் நீங்க மூடணும்னு இல்ல…"

ஆஹா, இதுதானா உங்க வித்தை என்று ரேடியோ மனசுக்குள் சிரித்தான். மூடாதே என்று சொன்னால் மூடுவேன் என்று கணக்குப் போடுகிறாள். நானா மூடுவேன்? ஃபேன் சத்தத்தைக் கவனித்தான். கிறீச். அந்தம்மா ஏதோ படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கச் சொன்னாள். படிக்கட்டாவது ஒண்ணாவது. கிறீச். டீச்சரிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கணும். கிறீச்…

"சரி, மெதுவா முழிச்சுக்கோங்க."

"நான் எங்க தூங்கினேன் முழிக்கறதுக்கு?" என்று சட்டென்று நிமிர்ந்தான் ரேடியோ. "எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். படிக்கட்டு, கிடிக்கட்டு, எல்லாம். ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன், மரியாதைக்காக. டீச்சர், சத்தியமா சொல்றேன், ஒண்ணுமே ஆகல."

டீச்சர் கையில் ஒரு டீ டம்ளர் இருந்தது. காலியாக இருந்தது.

"டீ எப்ப வந்துச்சு?" என்றான்.

"கடைக்காரர் வந்து தட்டினார். கதவைத் திறந்து வாங்கி, குடிச்சு முடிச்சேன். நல்ல டீ. உனக்கும் ஒண்ணு இருந்துச்சு, ஆறிப் போயிடும்னு அதையும் நானே குடிச்சுட்டேன்."

"திறந்தீங்களா? சாவி என் கையிலல்ல…"

கையைப் பார்த்தான். வெறும் கை. சாவி டீச்சர் மடியில் இருந்தது.

"தட்டுல விழுந்து ணங்னு ஊரையே கூட்டுச்சு" என்றார் டீச்சர். "நீ அசையல."

ரேடியோவுக்குக் காது மடல் சூடானது. வெட்கம்தான், வேறென்ன. சிகிச்சையாளர் முகத்தில் மட்டும் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் இப்படித்தான்" என்றார். "நிஜமாப் போயிட்டு வந்த சந்தேகக்காரங்க ஒருத்தர்கூட ஒத்துக்க மாட்டாங்க. எல்லாம் கேட்டுச்சு, நான் போகவே இல்லன்னு சண்டைக்கு வருவாங்க. அதுக்குத்தான் தட்டு. உடம்பு தளர்ந்தா விரல் தளரும், விரல் தளர்ந்தா சாவி விழும். இந்த ரகசியத்தை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. சொல்லிட்டா விழாம பார்த்துக்குவாங்க."

டீச்சர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப அந்தத் தம்பியோட ரெக்கார்டிங்கைப் போடுங்க."

நம்பாமல் வருகிறவர்களுக்காக அவர் எல்லாவற்றையும் பதிவு செய்வது வழக்கம். நான் மயங்கியிருந்தபோது என்ன நடந்தது என்று யாரும் பிறகு சந்தேகப்படக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதுவே இப்போது அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. போலீஸ் மூலப் பதிவை எடுத்துப் போயிருந்தது. பிரதி ஒன்று மிச்சம் இருந்தது.

மூவரும் கேட்டார்கள். அதே குரல், அதே படிக்கட்டு. நடுநடுவே தம்பியின் பெருமூச்சு. ரேடியோ தன்னையறியாமல் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இன்னொரு தடவை மானம் போகக் கூடாதே என்று. கடைசியில் சிகிச்சையாளரின் குரல் தெளிவாகக் கேட்டது: 'ரொம்ப அருமை. ரொம்ப ஆழமாப் போயிட்டு வந்துட்டீங்க.' அதற்கு ஒரு ஆண் குரல், பவ்யமாக: 'இந்தாங்க மேடம், உங்க சாவி.'

"இந்த ஒரு வரிதான் இன்ஸ்பெக்டருக்குக் கல்கண்டு" என்றார் சிகிச்சையாளர். "ஆழமாப் போனார்னு நானே சொல்லிட்டேனாம்."

"ணங் எங்க?" என்றான் ரேடியோ.

"விழவே இல்ல. அவர் ஒரு நொடிகூடப் போகல. கண்ணை மூடிட்டு நடிச்சுட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ரொம்ப அருமைன்னு சர்டிபிகேட் குடுத்தீங்க?"

"அதுதான் என் வழக்கம்." அவர் குரல் தாழ்ந்தது. "வராதவங்களைப் பார்த்து 'நீங்க போகல'ன்னு சொன்னா, அடுத்த தடவை இன்னும் இறுக்கமா வருவாங்க. பாராட்டி அனுப்பினா, மூணாவது தடவையிலயோ நாலாவது தடவையிலயோ தானா இளகிடுவாங்க. இத்தனை வருஷத்துல ஒரு ஆளைக்கூட நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொன்னதில்ல. ஆனா தப்பு அதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன். யார் அனுப்பி வந்தீங்கன்னு கேட்டேன். 'அண்ணன் பிடிச்சுத் தள்ளினார்'னார். கட்டாயத்துல வந்தவரை அன்னைக்கே திருப்பி அனுப்பியிருக்கணும்."

"அப்ப இந்த ரெக்கார்டிங்கே போதுமே!" என்று ரேடியோ துள்ளினான். "ணங் இல்ல, மயக்கம் இல்ல, கேஸ் குளோஸ்!"

"நம்பர் கேட்ட இடத்தை நான் வெட்டி எடுத்துட்டேன்னு ஏற்கெனவே சொல்றாங்க. சாவி விழுந்த சத்தத்தையும் வெட்டிட்டேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

ஜன்னல் இல்லாத அந்த அறையில் காற்றே குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே வரவேற்பு அறையில் டெலிபோன் மணி அடித்தது. எடுத்தால், இனிமேல் வர மாட்டோம் என்று சொல்ல இன்னொரு ஆள். சிகிச்சையாளர் எடுக்கவில்லை.

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வரவேற்பு அறைக்கு வந்தார். பழைய சோபா, தண்ணீர் கேன், வாசலையொட்டி ஒரு மர அலமாரி. அலமாரியில் வாயகன்ற பெரிய கண்ணாடி ஜாடி. ஜாடி நிறைய சிகரெட் பாக்கெட்டுகள்.

"மேடம், நீங்க சைடுல பெட்டிக்கடையும் வெச்சிருக்கீங்களா?" என்றான் ரேடியோ.

"விட்டவங்க போட்டது. கடைசி பாக்கெட்டை மூடி, வாயில ஒரு காகிதத்தை ஒட்டி, அதுமேல அவங்களே கையெழுத்துப் போட்டு இதுல போட்டுடுவாங்க. மனசு மாறினா எப்ப வேணாலும் வந்து எடுத்துக்கலாம், யாரும் ஏன்னு கேட்க மாட்டோம். வழி அடைபட்டுச்சுன்னு நினைச்சாதான் மனுஷனுக்கு முட்டணும்னு தோணும். திறந்தே இருந்தா பெரும்பாலும் யாரும் வந்து எடுக்கறதில்ல. அடுத்தவங்க பாக்கெட்டை யாரும் தொடக் கூடாது, நான் உட்பட."

"அந்தத் தம்பி போட்டாரா?"

"போட்டாரே. முதல் தடவை வந்தப்ப இந்த ஜாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சார். மறுநாள் அவரே வந்து போட்டுட்டுப் போனார். அதுக்கு அடுத்த நாள்தான் நெக்லஸ் காணோம்னு எனக்கே தெரிய வந்தது."

"சிகரெட்டை விட்டுட்டாரா?"

"எங்க விட்டார்? பாக்கெட்டைப் போட்டப்பவே மேல புகை வாடைதான். சரி, மனசாவது வந்துச்சேன்னு அதையும் பாராட்டினேன்."

டீச்சர் ஜாடிக்குள் கையை விட்டார். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார், கையில் வைத்துக் கனம் பார்த்தார், திருப்பி வைத்தார். ஒன்றை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தார். பிறகு அதையும் உள்ளே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர்!" ரேடியோவின் கண் விரிந்தது. "அதுலயா…?"

"பிரிக்காதே."

"பிரிச்சா கையோட…"

"பிரிச்சா இவங்களுக்குத்தான் விலங்கு. யோசிச்சுப் பாரு. 'மயக்கத்துல இவங்கதான் எடுத்துட்டு வந்து இங்க போடச் சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல'ன்னு அவர் ஒரு வரி சொல்லிட்டா? முதல்ல அந்த மயக்கத்தை உடைக்கணும். அதுக்கப்புறம்தான் பாக்கெட்."

சிகிச்சையாளர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் இடத்திலேயே, தன் கை எட்டும் தூரத்திலேயே தன்னைச் சிறைக்கு அனுப்பும் சாமான் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறது! டீச்சர் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். சீல் வைக்க வரும்போது அண்ணன் தம்பி இருவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தம்பியை மறுபடி மயக்கத்தில் ஆழ்த்தினால், மறந்துபோனதெல்லாம் நினைவுக்கு வரும் என்றார்.

"வருவாருங்கிறீங்க?" என்றான் ரேடியோ. "நானா இருந்தா வயித்து வலின்னு படுத்துடுவேன்."

"வருவார். போலீஸ் கண்ணு மேலயே இருக்கறதால இத்தனை நாளா அவரால இங்க வர முடியல. இங்க சீல் விழுந்துட்டா அப்புறம் ஜாடி போலீஸ் சொத்து. அவருக்கு இன்னைக்கு விட்டா நாள் இல்ல."

வந்தார்கள். அண்ணன் கனத்த உடம்பு, முகமெல்லாம் கோபம். இன்ஸ்பெக்டருக்கு இந்தக் கூத்தில் துளியும் விருப்பமில்லை என்பதை அவருடைய மீசையே சொன்னது. தம்பி ஒல்லியாக, சாந்தமாக, நல்ல பிள்ளையாக நடந்து வந்தார். வந்ததும் வராததுமாக அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. சிகரெட்டை என்னால விட முடியல. என் பாக்கெட்டை நான் எடுத்துக்கிறேன்."

"சீல் வைக்கப்போற இடத்துலேர்ந்து ஒரு குண்டூசியும் வெளிய போகக் கூடாது" என்றார் டீச்சர். "அப்படித்தானே இன்ஸ்பெக்டர்?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். தம்பி கையை இறக்கிக்கொண்டார்.

"இந்த நாற்காலியில நீ உட்காரவே வேண்டாம்டா" என்றார் அண்ணன். "இன்னும் என்னத்தைக் கறக்கப் போறாளோ!"

"இருக்கட்டும்ணே. உண்மை வெளிய வரட்டும்." தம்பி தியாகியாகச் சிரித்தார். "ஆனா சார், ஒண்ணு சொல்லிடறேன். உள்ள போயிட்டா எனக்கு இவங்க குரலைத் தவிர வேற எதுவும் கேட்காது. பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. இவங்க 'எழுந்திரிங்க'ன்னு சொன்னாத்தான் முழிப்பேன்."

"குறிச்சுக்கோங்க இன்ஸ்பெக்டர்" என்றார் டீச்சர்.

எல்லோரும் உள்ளே போனார்கள். கதவை மட்டும் சாத்தாமல் திறந்தே வைக்கச் சொன்னார் டீச்சர். தம்பி கையில் சாவி வந்தது. சிகிச்சையாளர் படிக்கட்டில் கால் வைப்பதற்குள் தம்பியின் தலை தொப்பென்று மார்பில் சாய்ந்தது. ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கே அத்தனை நேரம் பிடித்ததே! விரல்களைப் பார்த்தான். சாவியைச் சுற்றி முட்டி வெளுத்திருந்தது. பாங்க் லாக்கரில்கூட அந்தச் சாவி அவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது.

"ஆழமாப் போயிட்டாரா?" என்று டீச்சர் கேட்டார்.

சிகிச்சையாளர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷப் பழக்கம் அவரை விடவில்லை. "ஆழமா… போயிட்டார்" என்றார்.

"அப்ப கொஞ்ச நேரம் தூங்கட்டும். நாம வெளிய இருப்போம்."

"மயக்கத்துல இருக்கறவரைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போனதில்ல" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டார் அவர். டீச்சர் கண்ணாலேயே சாவியைக் காட்டினார். சிகிச்சையாளர் இன்னொரு தடவை அந்த வெளுத்த முட்டியைப் பார்த்தார். பிறகு முதல் ஆளாக எழுந்து வெளியே நடந்தார்.

கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. லொடக். இனி அதைத் திறக்க ஒரே ஒருவரால்தான் முடியும்.

டீச்சர் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் கதவுக்கு இந்தப் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். பிறகு சாதாரணக் குரலில், ஆனால் வகுப்பின் கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி, "சரி இன்ஸ்பெக்டர், ஒரு டீ சாப்பிட்டு வந்து சீல் வைங்க. ரேடியோ, அதுக்குள்ள இந்தக் குப்பையெல்லாம் கிளியர் பண்ணிடு" என்றார்.

"இந்த சிகரெட் ஜாடி என்ன பண்றது டீச்சர்?" என்று ரேடியோ ஜாடியை எடுத்துக் குலுக்கினான்.

"கீழ குப்பை லாரி நிக்குது. அப்படியே கொட்டிடு."

"இதோ, டாய்லெட் போயிட்டு வந்து கொட்டறேன்!" என்று கத்திவிட்டு ஜாடியை அலமாரியில் வைத்து, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வாசல்வரை நடந்தான். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனையாகத் திரும்பி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டான்.

அமைதி.

ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கிறீச். கிறீச். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளை அழுத்தினார், ஆனால் அவர் கண்ணிலும் இதெல்லாம் என்ன பைத்தியக்காரத்தனம் என்ற கேள்வி இருந்தது. டீச்சர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. டீச்சருக்கு வேர்த்து ரேடியோ பார்த்ததே இல்லை. ஆள் வெளியே வராவிட்டால்? அழுத்தக்காரன், உட்கார்ந்தே ஜெயித்துவிட்டால்? அந்தம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு ஒரு தடவை குலுங்கியது.

கிறீச்.

சாவித்துவாரத்தில் சாவி நுழையும் சத்தம் கேட்டது.

மெதுவாக, மிக மெதுவாக அது திரும்பியது. கதவு ஒரு சாண் திறந்தது. தம்பி வெளியே வந்தார். வாசலைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. நுனிக்காலில் நடந்து அலமாரிக்குப் போய், ஜாடிக்குள் கையை விட்டு, கிளறி, தன் பாக்கெட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"எழுந்திரிங்க" என்றார் சிகிச்சையாளர்.

தம்பி திரும்பினார். ஒரு கையில் பாக்கெட், இன்னொரு கையில் சாவி. சுவரோடு ஐந்து பேர்.

"இப்பத்தான்… இப்பத்தான் முழிப்பு வந்துச்சு" என்றார். குரல் பிசிறடித்தது. "எப்படி இங்க வந்தேன்னே தெரியல. இவங்கதான் உள்ளுக்குள்ள ஏதோ பண்ணி…"

"இடி விழுந்தாலும் கேட்காதுன்னீங்க" என்றார் டீச்சர். "குப்பை லாரி மட்டும் கேட்டுச்சா?"

ரேடியோ விடுவானா? "சார், நிஜமாத் தூங்கினவன் நான். பக்கத்துல ரெண்டு டீ குடிச்சு முடிச்சாங்க, எனக்கு ஒரு வாய் வேணும்னுகூட எழுந்திரிக்கல. நீங்க ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு எழுந்து வந்துட்டீங்களே!"

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டை வாங்கினார். காகித ஒட்டின் மேலிருந்த கையெழுத்தை அண்ணனிடம் காட்டினார். "யாரோடது?"

அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கையெழுத்தைக் கடை ரசீதுகளில் தினமும் பார்க்கிறவர். இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கிழித்துப் பாக்கெட்டைக் கவிழ்த்தார். நாலு சிகரெட்டும், அவற்றுக்கு நடுவே பஞ்சில் சுற்றிய வைர நெக்லஸும் அவர் உள்ளங்கையில் விழுந்தன.

"ஏண்டா?" என்றார் அண்ணன். கோபமெல்லாம் வடிந்து குரல் உடைந்திருந்தது. "உனக்காக இந்தம்மாவை நான் எப்படியெல்லாம் பேசினேன்! ஏண்டா?"

"ஏனா?" தம்பியின் சாந்தமெல்லாம் ஒரே நொடியில் கழன்றது. "கடை உங்க பேர்ல. நான் எப்ப சாப்பிடணும்னு நீங்க சொல்லணும். எப்ப தூங்கணும்னு நீங்க சொல்லணும். நான் சிகரெட் பிடிக்கணுமா வேண்டாமான்னுகூட நீங்கதான் முடிவு பண்ணி, கழுத்தைப் பிடிச்சு இங்க தள்ளினீங்க. அதை வித்துட்டு எங்கயாவது போய், எனக்குன்னு ஒரு கதவை நானே திறந்து மூடணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அண்ணன் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தக் கனத்த உடம்பு அழுவதைப் பார்க்க ரேடியோவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"சரி, நடங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தச் சாவியை அம்மாகிட்ட குடுங்க."

தம்பி கையை நீட்டவில்லை. விரல்கள் சாவியைச் சுற்றி இறுகிக் கிடந்தன. கான்ஸ்டபிளைக் கூப்பிட இன்ஸ்பெக்டர் வாயெடுத்தபோது சிகிச்சையாளர் வேண்டாம் என்று கைகாட்டினார். உள்ளே போய்ப் பித்தளைத் தட்டை எடுத்துவந்து, தம்பியின் கைக்குக் கீழே பிடித்தார்.

"குடுக்க வேண்டாம்" என்றார். அந்தச் சாவதானமான குரல் மறுபடி வந்திருந்தது. "இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. உங்ககிட்ட இருந்து யாரும் பிடுங்கல. எவ்வளவு நேரம் வேணுமோ பிடிங்க. கை வலிக்குதா இல்லையான்னு நீங்களே பாருங்க. வலிச்சாலும் விடணும்னு இல்ல…"

தம்பி அவரையே பார்த்தார். தோள் இறங்கியது. விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

ணங்.

"இப்பத்தான் நிஜமா விட்டீங்க" என்றார் சிகிச்சையாளர். அதில் கேலி இல்லை.

படியில் சின்னக் கால்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்.